பன்னிரண்டாம் தேதி, ஒன்று ஐம்பது

அருள்நாதனிடம் எந்த ஊரின் பேரைச் சொன்னாலும் முதலில் தூரத்தைச் சொல்வார், அடுத்து போய்ச் சேரும் நேரத்தைச் சொல்வார், அதற்கப்புறம்தான் அந்த ஊரில் யாருக்குக் கல்யாணம், யார் தவறிப்போனார்கள் என்று விசாரிப்பார். இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஃபோர்மேனாக இருப்பவருக்கு இந்த வியாதி வரத்தான் செய்யும். முப்பத்தோரு வருடமாக அவருடைய வேலையே அதுதான். இந்த முனையில் கொட்டும் நிலக்கரி அந்த முனையில் எத்தனை நிமிடத்தில் போய் விழும் என்று கேட்டால், பன்னிரண்டு என்பார். பன்னிரண்டாவது நிமிடத்தில் விழும். பெல்ட்டே அவருக்குப் பயந்துதான் ஓடுகிறது என்று குவார்ட்டர்ஸ் ப்ளாக்கில் ஒரு பேச்சு உண்டு. அவரும் அதை மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் கையில், 2014 ஜூலை முதல் வாரத்தில், ஒரு விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. மகள் மெர்லின் அனுப்பியது. மெர்லின் நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் நர்ஸ். கழுத்தில் ஒரு கட்டி வந்திருந்தது. ஜூலை பதினாலாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று குறித்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் நாள் போனில் சிரித்தாள். மறுநாள் மறுபடி கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"நான் எத்தன பேர தியேட்டருக்குள்ள தள்ளிக்கினு போயிருக்கேன்மா. ஒவ்வொருத்தருக்கும் வாசல்ல ஒரு மொகம் நிக்கும். அதப் பாத்துட்டுதான் உள்ள போவாங்க. எனக்கும் ஒன்னு வேணும்மா."

அன்னாள் போனை வைத்துவிட்டு அழுதுகொண்டு உட்காரவில்லை. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தாள். நாலு வருடத்துக்கு முன்னால் பங்குக் கோயிலில் ஜெருசலேம் யாத்திரைக்கு ஆள் சேர்த்தபோது எடுத்தது. யாத்திரை நடக்கவில்லை, பாஸ்போர்ட் மிஞ்சியது. அருள்நாதன் அப்போது லீவு கிடைக்காது என்று எடுக்காமல் விட்டவர். ஆகவே போவதென்றால் அன்னாள்தான் போக வேண்டும், தனியாகத்தான் போக வேண்டும். அவள் அதுவரை தனியாகப் போன தூரம் வேளாங்கண்ணி.

விசா வந்தது, டிக்கெட்டும் வந்தது. அருள்நாதன் நீளமான ரெஜிஸ்டர் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் திலகவதி பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவளிடம் சொல்லி ஓர் உலக உருண்டையை வரவழைத்து, தையல் நூலைச் சென்னையில் ஒரு நுனியும் ஆக்லாந்தில் ஒரு நுனியுமாகப் பிடித்து அளந்தார். நேராகப் போனால் பதினோராயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமானமோ சிங்கப்பூரில் இறங்கி, மாறிப் போகிறது. இன்னொரு நூலை அந்த வழியாக வைத்துப் பார்த்தார். அறுபது கிலோமீட்டர்தான் கூடுதல்.

"கடலூர் போய்ட்டுத் திரும்பி வர்ற தூரம்கூட இல்ல," என்று மனைவியிடம் சொன்னார். "சிங்கப்பூர்ங்கிறது வழியிலதான் இருக்குது. சுத்து இல்ல."

"சரிங்க," என்றாள் அன்னாள், சட்னி அரைத்துக்கொண்டே.

"ஆகாயத்துல இருக்கிறது மொத்தம் பதினாலு மணி நேரம். சென்னை–சிங்கப்பூர் நாலு மணி இருவது நிமிஷம். அங்கேர்ந்து ஒம்போதே முக்கா. நம்ம பெல்ட்ட ஆக்லாந்து வரைக்கும் போட்டிருந்தா, ஒரு கட்டி நெலக்கரி போய்ச் சேர இருவத்தி நாலு நாளு ஆவும். தெரியுமா?"

"நல்லவேள, என்னைப் பெல்ட்ல போட்டு அனுப்பல."

இதில் அருள்நாதன் அசந்துபோன விஷயம் வேறொன்று. டிக்கெட்டில் இப்படி இருந்தது: சென்னையிலிருந்து ஜூலை 12, 01:50-க்குப் புறப்பாடு. சிங்கப்பூரில் ஜூலை 12, 08:40-க்கு இறங்குவது. அதாவது சனிக்கிழமை ராத்திரி இங்கே ஏறுகிறவள் சனிக்கிழமை காலையிலேயே அங்கே இறங்கிவிடுகிறாள். கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேருகிறாள். முதலில் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு, உலகம் உருண்டை, கிழக்கே போகப் போகத் தேதி கலைந்துபோகும் என்று என்றைக்கோ ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் படித்தது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் மனம் நிறைந்துவிட்டது. ப்ளாக்கில் பால் வாங்கப் போன இடத்திலெல்லாம் அதைச் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். திலகவதிக்கு மட்டும் என்னவோ இடித்தது. ஆனாலும் தமிழ் டீச்சர் பூகோளத்தில் தலையிடுவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அவருக்கு ஏன் அது சனிக்கிழமை ராத்திரியாகத் தெரிந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சுரங்கத்தில் நாள் பிறப்பது காலை ஆறு மணிச் சங்குக்கு. முதல் ஷிப்ட் ஆறிலிருந்து இரண்டு, இரண்டாவது ஷிப்ட் இரண்டிலிருந்து பத்து, மூன்றாவது ஷிப்ட் ராத்திரி பத்திலிருந்து விடிகாலை ஆறு. அந்த மூன்றாவது ஷிப்ட் எந்தத் தேதியில் ஆரம்பித்ததோ, ஆறு மணி வரை ரெஜிஸ்டரில் அந்தத் தேதிதான். நடுராத்திரி தாண்டிவிட்டதே என்று யாரும் தேதியை மாற்றி எழுதுவதில்லை. பன்னிரண்டாம் தேதி ராத்திரி ஒன்று ஐம்பது என்றால், பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் காபி குடித்து, ராத்திரி சாப்பிட்டு, ஷிப்டுக்குப் போய், அதற்கப்புறம் வருகிற ஒன்று ஐம்பது. முப்பத்தோரு வருடம் அப்படி எழுதிய கை, டிக்கெட்டையும் அப்படியே படித்தது.

இந்தக் கணக்கால் அவர் வீட்டில் ஒருமுறை சண்டையே நடந்திருக்கிறது. கல்யாணமான புதிது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. வியாழக்கிழமை மூன்றாம் ஷிப்டுக்கு அன்னாள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கேரியர் கட்டினால், இவர் மத்தியான மீன் குழம்பை யாருக்கும் தெரியாமல் இன்னொரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு போவார். விடிகாலை ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுவார். கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "ஆறு மணி வரைக்கும் வியாழக்கிழமதான், வேணும்னா ரெஜிஸ்டர வந்து பாரு," என்றார். அன்னாள் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்விட்டாள். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். சுரங்கத்துக்குச் சங்கு, ஆண்டவருக்கு நடுராத்திரி பன்னிரண்டு. அதன்படி வியாழன் ராத்திரிக் கேரியரில் கத்தரிக்காய், வெள்ளி ராத்திரிக் கேரியரில் மீன். ஒரு ராத்திரியில் தோற்றாலும் இன்னொரு ராத்திரியில் ஜெயித்ததால் அருள்நாதனும் ஒத்துக்கொண்டார்.

ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை. அருள்நாதன் முதல் ஷிப்ட் முடித்து வந்து, தூங்கி எழுந்து, நாலரை மணிக்குக் காபியோடு முன்னறையில் இருந்தார். மந்தாரக்குப்பத்தில் வாடகைக் கார் மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லியாகிவிட்டது. அன்னாளின் மூன்று புடவைகள் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பெட்டி பாதி நிரம்பி, வாயைத் திறந்தபடி கட்டில் மேல் கிடந்தது. திலகவதியின் கணவர் கருணாகரன் வழியனுப்புகிற மரியாதையில் வந்து உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டிக்காரர். சுரங்கத்தில் டம்பர் வண்டி ஓட்டுகிறவர், வீட்டில் சொந்தமாக ஒரு வேன் வைத்திருப்பவர். அவருக்கு அருள்நாதன் தன் அதிசயத்தை எட்டாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழம ராத்திரி ஏறுறா. சனிக்கெழம காலைல சிங்கப்பூர்ல எறங்குறா. இதான் கருணாகரன் ஒலகம்."

"அப்படியாண்ணே," என்று கருணாகரன் உண்மையாகவே வியந்தார்.

அன்னாள் முறத்தில் நாளைக்கான உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"என்னாங்க, ஒன்னு கேக்கட்டுமா?"

"கேளு."

"வெள்ளிக்கெழம ராத்திரி கேரியர்ல மீன் வக்கிறேனே. அத நீங்க சாப்புடும்போது என்ன கெழம?"

அருள்நாதன் கருணாகரனைப் பார்த்துச் சிரித்தார். "சாமியார் கணக்குல சனிக்கெழம."

"மணி?"

"ஒன்னு, ஒன்னர ஆவும்."

"அப்ப சாமியார் கணக்குல சனிக்கெழம ஒன்னு அம்பதுங்கிறது எப்ப வருது?"

அருள்நாதன் காபியைக் கீழே வைத்தார். சனிக்கிழமை ஒன்று ஐம்பது என்பது வெள்ளி ராத்திரிக் கேரியரைக் கழுவி வைத்த கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆயிரம் தடவை அந்த நேரத்தில் கை கழுவியிருக்கிறார்.

"டிக்கெட்டு அடிச்சவன் மைன்ஸ்ல வேல பாக்குறானாங்க?" என்றாள் அன்னாள்.

கேலியாகச் சொல்லவில்லை அவள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவரை இன்னும் கலக்கிவிட்டது. போனை எடுத்து மெர்லினைக் கூப்பிட்டார். அங்கே ராத்திரி பதினொன்று.

"மெர்லினு, பன்னெண்டாந்தேதி ஒன்னு அம்பதுன்னு போட்டிருக்கே, அது எப்பம்மா?"

"இன்னிக்கு ராத்திரிப்பா. ராத்திரின்னா, இன்னிக்கி பன்னெண்டு மணி தாண்டி. ஏம்ப்பா, நீங்க இன்னும் வூட்லயா இருக்கீங்க?"

"கெளம்பிட்டோம்மா," என்றார் அருள்நாதன். நேரத்தைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அது.

போனை வைத்ததும் சோபாவில் சரிந்தார். இதை விட்டால் அடுத்து இடம் கிடைக்கும் விமானம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்று மெர்லின் டிக்கெட் எடுத்தபோதே சொல்லியிருந்தாள். அதில் ஏறினால் அன்னாள் போய் இறங்கும்போது ஆபரேஷன் முடிந்தே போயிருக்கும். தியேட்டர் வாசலில் முகம் இருக்காது. பெற்ற மகள் கேட்டது அது ஒன்றுதான். அதையும் இந்தக் கணக்கு தின்றுவிட்டது. பெல்ட்டில் ஒரு நிமிடம் தப்பாமல் சொன்னவன், பெண்ணுக்கு ஒரு முழு நாளைத் தப்பாகச் சொல்லிவிட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்னாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒங்க வேன்ல பெட்ரோல் இருக்குதா?"

"செங்கல்பட்டு வரைக்கும் காணும் மதினி. போற வழியில போட்டுக்கிடலாம்," என்று கருணாகரன் எழுந்துவிட்டார். வீட்டுக்கு ஓடிச் சாவியையும் திலகவதியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், கொடியில இருக்கிறத அப்படியே எடுத்தாங்க. காஞ்சிருக்கா பாக்க வேணாம். என்னாங்க, நீங்க எந்திரிச்சி சட்ட போடுங்க."

"நேரம் பத்துமா அன்னா? நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டரு. பண்ருட்டி ரோடு வேற—"

"நீங்க கணக்குப் போடாம வாங்க. அது போதும்."

பிறகு நடந்ததை அருள்நாதன் வெகுநாள் பலரிடம் சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவள் குளித்தாள், பெட்டியை மூடினாள், உளுந்தை டப்பாவில் கொட்டினாள், கேஸை மூடினாள், மூன்று நாளைக்கு அவருக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று திலகவதியிடம் சொன்னாள், மாதா படத்துக்கு முன்னால் ஒரு முழு ஜெபம் சொன்னாள். ஜெபத்தில் அவசரம் இல்லை. ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. அவசரப்படாத ஆளுக்குத்தான் நேரம் மிஞ்சும் போலிருக்கிறது என்று அப்போது அவருக்குத் தோன்றியது.

ஐந்தே காலுக்கு வேன் டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டியது. ஈரப் புடவைகள் மூன்றையும் அன்னாள் பின்சீட்டில் விரித்து, ஓரங்களைக் கண்ணாடி இடுக்கில் செருகியிருந்தாள். காற்றில் அவை படபடவென்று அடித்துக்கொண்டன. முன்சீட்டில் அருள்நாதன் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, தூரத்த மட்டும் சொல்லுங்க. நேரத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றார் கருணாகரன்.

பண்ருட்டியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பலாப்பழ சீசன். கேட்டுக்கு முன்னால் பழம் ஏற்றிய லாரி ஒன்று பாதையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் சீட்டில் ஆளில்லை. கேட் திறந்தாலும் இந்த லாரி நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு வழி. அருள்நாதன் கடிகாரத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. அன்னாள் இறங்கி, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள்.

"பலாப்பழ வண்டி யாருதுப்பா?"

ஒருவர் கிளாஸோடு திரும்பினார். "நம்மளுதுதான். ஏங்க?"

"எம் பொண்ணுக்கு ஆபரேசன். நான் ஏரோப்பிளேன் ஏறணும். நீ ஓரங்கட்டிட்டு வந்து மீதி டீயக் குடி. ஆறாது."

அவர் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு வந்து லாரியை ஓரங்கட்டினார். கேட் திறந்தபோது முதல் வண்டியாக வேன் தண்டவாளத்தைத் தாண்டியது. தாண்டும்போது அந்த மனிதர் கையை உயர்த்தி, "நல்லபடியா போய்ட்டு வாம்மா," என்றார். அன்னாள் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

விக்கிரவாண்டிக்குப் பிறகு நல்ல ரோடு. திண்டிவனத்தில் புடவைகள் காய்ந்துவிட்டன. ஓடுகிற வண்டியிலேயே அவற்றை மடித்து, பெட்டியைத் திறந்து வைத்தாள். அருள்நாதன் திரும்பித் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கிற பெண். தான் ஷிப்ட் மாறும்போதெல்லாம் வீட்டில் சமையலும் தூக்கமும் தானாக மாறிக்கொள்கிறது என்று நினைத்திருந்தார். எதுவும் தானாக மாறவில்லை. ஒரு தலைக்குள் இரண்டு நாட்காட்டியை வைத்துக்கொண்டு, அவருடைய வியாழனை ஊரின் வெள்ளியாகவும் ஊரின் சனியை அவருடைய வெள்ளியாகவும் தினம் ஒருத்தி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் செய்தது பெல்ட் கணக்கு. இது அதைவிடக் கஷ்டமான கணக்கு. இத்தனை காலம் இதைப் பார்க்காமல் இருந்ததற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

பத்தரைக்கு மீனம்பாக்கம். டிக்கெட் இருப்பவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று துப்பாக்கிக்காரர் கையைக் காட்டினார். அருள்நாதன் ரெஜிஸ்டர் நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினார். கோடு போட்டு, ஊர், தூரம், இறங்குவது, ஏறுவது என்று கட்டம் கட்டி எழுதியது.

"தேதிய மட்டும் பதினொன்னுன்னு மாத்திட்டேன். மீதி எல்லாம் சரியாத்தான் இருக்குது. எடுத்துக்கினு போ."

அன்னாள் அதை வாங்கிப் பார்த்தாள். அழகான கையெழுத்து. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சங்குலேர்ந்து எண்ண வராதுங்க. கோயில் மணியிலேர்ந்துதான் எண்ண வரும். இருந்தாலும் எடுத்துக்கினு போறேன். மெர்லினுக்குக் காட்றேன்."

"பயமா இருக்குதா?"

"இருக்குது," என்றாள். "அதுக்காக நிக்க முடியுமா?"

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனாள். உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு சிப்பந்தியை நிறுத்தி ஏதோ கேட்டாள். அவன் கை காட்டிய பக்கம் போனாள். திரும்பிப் பார்த்து நின்று நேரத்தை வீணாக்கவில்லை. ஒரே ஒரு தடவை கையை மட்டும் பின்னால் காட்டி அசைத்தாள். வரிசையில் அவள் கொண்டை மறைகிற வரை அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றார்.

விமானம் ஏறிவிட்டது என்று உறுதியாகிற வரை அவரும் கருணாகரனும் அங்கேயே இருந்தார்கள். திரும்பும்போது விடிந்துவிட்டது. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிற்கையில், ஆறரைக்கு, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தாங்க. சிங்கப்பூரு வந்துட்டேன். திருச்சிக்காரப் பொண்ணு ஒன்னு கூடவே வந்துச்சு, அது போனு இது. அடுத்த பிளேனு எங்க நிக்கிதுன்னும் கேட்டுக்கினேன்."

"நல்லா வந்தியா?"

"நல்லா வந்தேன். ஆனா ஒன்னுங்க. கெளம்புனதுக்கு அப்பறந்தான் வந்து சேந்தேன்."

அருள்நாதனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. கருணாகரன் அதைப் பார்க்காதவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவருக்கு மூன்றாம் ஷிப்ட். பத்து மணிக்குப் பெல்ட்டின் தலைமாட்டில் இருக்கும் கண்ட்ரோல் கேபினில் உட்கார்ந்து, ரெஜிஸ்டரைத் திறந்து, 13.07.2014 என்று எழுதினார். மணிக்கொரு தடவை பெல்ட்டின் வேகம், சூடு, பாரம் எல்லாம் ஒரு வரியில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதி. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. நாலு வரியிலும் பதிமூன்று. கீழே விளக்கு வெளிச்சத்தில் பெல்ட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆக்லாந்தில் அப்போது திங்கட்கிழமை காலை ஏழரை. அன்னாள் போய் இறங்கி ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்து, தலை பின்னி, ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கியும் ஆகிவிட்டது.

ஒன்று இருபத்தைந்துக்குப் போன் அடித்தது.

"அப்பா," என்றது மெர்லினின் குரல். "கூப்புட்டுட்டாங்க. போறேன். இன்னிக்கி என்ன தேதிப்பா?"

அன்னாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

"பதினாலும்மா."

"ஒங்க ரெஜிஸ்டர்ல?"

அருள்நாதன் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார்.

"அதுலயும் பதினாலுதான்."

மகள் சிரித்தது கேட்டது. பிறகு சக்கரங்கள் உருளும் சத்தம், யாரோ இங்கிலீஷில் பேசும் சத்தம், ஒரு கதவு. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. அப்புறம் அன்னாள்.

"உள்ள கூட்டிக்கினு போய்ட்டாங்க."

"பாத்தாளா?"

"பாத்துக்கினேதான் போனா. கதவு மூடுற வரைக்கும் தலையத் திருப்பல. நானும் திருப்பல."

இரண்டு மணி ஆயிற்று. அருள்நாதன் பேனாவை எடுத்தார். வேகம், சூடு, பாரம் மூன்றையும் பார்த்துக் குறித்தார். தேதிக் கட்டத்தில் பேனா நின்றது. மகளிடம் சொல்லிவிட்டோம், அது பொய்யாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். 14.07.2014 என்று நிறுத்தி எழுதினார். மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் கை தன் பழைய வழக்கப்படி பதிமூன்றே எழுதிற்று.

நாலே முக்காலுக்கு மறுபடி போன். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், கெட்டது ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார், கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று அன்னாள் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். மெர்லினின் முதல் போனிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த அழுகை அது.

ஆறு மணிச் சங்குக்கு ஷிப்ட் என்ஜினியர் வந்தார். சின்ன வயது, எதையும் விடாமல் பார்க்கிறவர். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"என்ன அருள் சார், எல்லாம் பதிமூணு, ரெண்டு மணி மட்டும் பதினாலுன்னு இருக்கே. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒங்க ரெஜிஸ்டர்ல தேதி தப்பிப் பாத்ததில்லையே."

"தப்பு இல்ல சார்," என்றார் அருள்நாதன், சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே. "அந்த ஒரு வரி மட்டும் எங்க வூட்டுக்காரம்மா கணக்கு."

என்ஜினியர் எதையும் அடிக்காமல், திருத்தாமல், பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.